ஆடிட்டர் அம்மா பதில்கள்: மகன் ஏன் பெயரை எடுக்கச் சொல்கிறான்?

குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பார்த்தேன். இப்போது அலுவலகம் இல்லை. வீட்டு வராந்தாவும் இந்தப் பக்கமும்தான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஜாதி: பிள்ளை வெளிநாட்டில், நிலம் மலையில். பதில்களில் சட்டப் பிரிவு எண்கள் இருக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, எனக்கு மனப்பாடமாக இருந்த எண்கள் அத்தனையும் மாறிவிட்டன. புது எண்கள் இன்னும் நாக்கில் ஏறவில்லை.

*

கணவர் 2014இல் உயில் எழுதாமல் காலமானார். அவர் வாங்கிய மூன்று ஏக்கர் தேயிலை எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு)க் கீழே இருக்கிறது. பட்டா என் பெயரில். மகள் கோவையில். மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். பச்சைத் தேயிலைப் பணம் விழும் வங்கிக் கணக்கு என் பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. "அம்மா, அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடு" என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறான். நான் அவனுக்கு வேண்டாதவளாகிவிட்டேனா? நிலத்தை இப்போதே அவன் பெயருக்கு செட்டில்மென்ட் (தானப் பத்திரம்) எழுதிவிடலாமா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி அருகே

அம்மா, முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் உங்களை விலக்கவில்லை. அவனுடைய ஆடிட்டர் அவனைப் பயமுறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு.

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ, உலகத்தில் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். அது தவிர, வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், எஃப்பார் என்ற தனி அறிக்கையை அவர்களுடைய நிதித்துறைக்கு அனுப்ப வேண்டும். 10,000 டாலர் என்றால் நம் கணக்கில் ஒன்பது லட்சம் ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கில் பாதிதான் தன்னுடையது என்று சொல்ல முடியாது. முழுத் தொகையையும் காட்ட வேண்டும். பணம் அம்மாவுடையது, நான் ஒரு ரூபாய்கூடத் தொட்டதில்லை என்றாலும் காட்டியே ஆக வேண்டும். இது வரி அல்ல, வெறும் அறிவிப்பு. ஆனால் அறிவிக்காமல் விட்டால் தெரியாமல் செய்த தவறுக்கே 10,000 டாலருக்கு மேல் அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் வருடக்கணக்கில் கவாத்து வெட்டி, உரம் போட்டுச் சேர்த்த பணம் ஒரு படிவத்தை மறந்ததற்காகப் போகலாம். அதனால்தான் நச்சரிக்கிறான். பெயரை எடுத்துவிடுங்கள். வங்கிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மகள் பெயரைச் சேருங்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. இனிமேல்தான் நீங்கள் கேட்காத விஷயம் வருகிறது.

பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதால் நிலம் முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு, உரிமை வேறு. கணவர் சொந்தமாக வாங்கிய நிலம், உயில் இல்லை என்றால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. (பரம்பரை நிலமாக இருந்தால் பங்குக் கணக்கு வேறு மாதிரி வரும், பழைய பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.) ஆகவே 2014 முதல் உங்கள் மகன் ஒரு ஏக்கருக்குச் சொந்தக்காரன். அந்த ஏக்கரின் இலைப் பணமும் கணக்குப்படி அவனுடையது. இங்கே பிரச்சினை இல்லை. தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலையாக விற்பது முழுக்க விவசாய வருமானம். இந்திய வருமான வரி கிடையாது. சொந்தமாகப் பறித்து சொந்தமாகத் தூள் ஆக்குகிற எஸ்டேட்காரர்களுக்குத்தான் வருமானத்தில் 40 சதவீதப் பகுதிக்கு வரி. ஆனால் அமெரிக்காவுக்கு விவசாயம், வியாபாரம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. இரண்டு நாடுகளுக்கிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்பான். இருக்கிறது, இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். இங்கேதான் ஒரு பைசாவும் கட்டவில்லையே, எதைக் கழிப்பது? செலவுகளைக் கழிக்கலாம்: கூலி, உரம், கவாத்து, லாரி வாடகை. அதற்குச் சீட்டு வேண்டும். நம் ஊரில் கூலிக்கு யார் சீட்டு வைத்திருக்கிறார்கள்?

செட்டில்மென்ட் எழுதலாமா என்றால், கூடாது. பத்திர எழுத்தர் எழுதித் தருவார், பதிவும் ஆகிவிடும்; அதனால் சரி என்று ஆகாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நம்மவர்களும் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு இவற்றை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. அந்நியச் செலாவணி விதி அப்படி. வாரிசாக மட்டும் பெறலாம். தேயிலைத் தோட்டம் அந்தப் பட்டியலில் வருகிறது. நீலகிரியில் செட்டில்மென்டுக்கு இருக்கிற மோகத்தைப் பார்த்து நான் பல முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். மகன் தன் மூன்றில் ஒரு பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வசிக்கும் இந்தியருக்கு நிலத்தைக் கொடுக்கத் தடை இல்லை. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அவன் விமானம் ஏறி வர வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால் போதும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பங்கின் மதிப்பு 19,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்காவில் ஒரு தானப் படிவம் போடுவான், வரி வராது. பிறகு நீங்கள் யாருக்கு எவ்வளவு என்று ஓர் உயில் எழுதுங்கள். அப்போது மகனுக்குப் போவது வாரிசுரிமை, விதி இடிக்காது. ஒரு வருடத்தில் பெற்றது 1,00,000 டாலரைத் தாண்டினால் 3520 என்ற படிவத்தில் சொல்ல வேண்டும், அதற்கும் வரி இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. தானமாகப் பெற்றால் உங்களுடைய பழைய அடக்க விலைதான் அமெரிக்காவில் அவனுக்கும் அடக்க விலை. உயில் வழியாகப் பெற்றால் அன்றைய சந்தை விலையே அடக்க விலை. பின்னால் விற்கும்போது அங்கே வரி பெருமளவு குறையும்.

கடந்த வருடங்களில் விட்டுப்போனதற்கு வழி இருக்கிறது. அவர்கள் கேட்டுவருவதற்கு முன்பே தானாக முன்வந்து மூன்று வருட வரிக் கணக்கும் ஆறு வருட எஃப்பாரும் போடும் திட்டம் ஒன்று இருக்கிறது. அங்கேயே வசிப்பவருக்கு 5 சதவீத அபராதம். அதை அவனுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்புங்கள். மகளிடமும் காட்டுங்கள். அவளிடம் சொல்லாமல் எதையும் எழுதாதீர்கள்.

*

அப்பாவின் நிரந்தர வைப்புத்தொகைக்கு அண்ணன் நாமினி. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். பணம் அவருக்குத்தானா?
— உதகை வாசகி

இல்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நால்வரை நியமிக்கலாம் என்று ஆகியிருக்கிறது. நால்வராக இருந்தாலும் அதே வேலைதான்.

*

குன்னூரில் 62 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி முடித்திருக்கிறேன். உரிமையாளர் டொரண்டோவில். உள்ளூரில் இருக்கும் அவர் தம்பிக்குப் பவர். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விலையில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக் கட்டிவிடுங்கள் என்கிறார் பத்திர எழுத்தர். சரிதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வெலிங்டன்

சார், பேனாவை மூடி வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்டீர்களே, அது உங்கள் அதிர்ஷ்டம். முத்திரைத்தாள் எல்லாம் வாங்கிய பிறகு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1 சதவீதம் என்பது இங்கே வசிக்கும் ஒருவரிடம் வாங்கும்போது. பவர் வைத்திருக்கும் தம்பி குன்னூர்க்காரர் என்பதால் அண்ணனும் குன்னூர்க்காரர் ஆகிவிட மாட்டார். யாருடைய சொத்தோ அவர் எங்கே வசிக்கிறார் என்பதுதான் கணக்கு. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் 50 லட்சம் என்ற வரம்பே இல்லை. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள். விலை 50 லட்சத்தைத் தாண்டினால் இதெல்லாம் சேர்ந்து முழு விலைக்கும் 14.3 சதவீதம் ஆகிறது. உங்கள் 62 லட்சத்துக்கு 8,86,600 ரூபாய். பத்திர எழுத்தர் சொன்னபடி பிடித்தால் 62,000. நடுவில் இருக்கும் எட்டேகால் லட்சத்தை வருமான வரித்துறை விற்றவரிடம் கேட்டு டொரண்டோவுக்குப் போகாது. வெலிங்டனில் பென்ஷன் வாங்கும் உங்களிடம் வட்டியோடு கேட்கும்.

"ஆதாயத்துக்குத்தானே வரி, முழு விலைக்கு ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று தம்பி சண்டைக்கு வருவார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல. அண்ணன் தன் ஆதாயக் கணக்கைக் காட்டி, குறைந்த விகிதத்தில் பிடிக்கலாம் என்று வருமான வரி அலுவலரிடம் சான்று வாங்கித் தரட்டும். சில வாரம் ஆகும், காத்திருங்கள். சான்று இல்லாமல் விலை பேசியதால் முழு விலைக்கும் பிடிப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அதிகம் பிடித்ததை அவர் வரிக் கணக்குப் போட்டுத் திரும்பப் பெறுவார்.

இன்னும் இரண்டு. பணத்தைத் தம்பி கணக்கில் போடாதீர்கள். அண்ணனுடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியப் பணத்துக்கு இங்கே வைத்திருக்கும் கணக்கு) போடுங்கள். அங்கிருந்து வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை அவர் வெளியே கொண்டுபோக வழி உண்டு. அடுத்தது, பவர் எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைப் புதிதாக வாங்குங்கள். எழுதியவர் கண்ணை மூடிய நிமிடத்தில் பவரும் செத்துவிடும். பனிமூட்டமான ஒரு டிசம்பரில், இறந்து நாற்பது நாளான ஒருவருடைய பவரைத் தூக்கிக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்தவரை எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கே அது தெரியாது.

*

அமெரிக்காவில் ஓர் உயில், இந்தியாவில் ஓர் உயில் என்று இரண்டு எழுதலாமா? ஒன்றே போதுமா?
— மென்பொருள் பொறியாளர், சொந்த ஊர் அரவேணு

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்து பதில் சொல்ல எனக்குத் தேவையில்லை. என் வீட்டிலேயே நடந்தது.

என் அண்ணன் முப்பது வருடம் அமெரிக்காவில் இருந்தார். 2009இல் விடுமுறைக்கு வந்தபோது நானே உட்கார்ந்து அவருக்கு உயில் தயாரித்தேன். அப்பா கட்டிய வீட்டில் அவர் பங்கு எங்கள் தங்கைக்கு. தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு சாட்சி, பதிவு, எல்லாம் ஒழுங்கு. உயிலை என் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒரு குடும்பக் காரியத்தைக் கச்சிதமாக முடித்துவிட்ட பெருமையில் இருந்தேன். 2016இல் அவர் அங்கே வீடு வாங்கியபோது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் இன்னோர் உயில் எழுதினார். எங்களிடம் சொன்னார்; நானும் "நல்லது அண்ணா" என்றேன். அவர் போன பிறகுதான் அந்தத் தாளைப் பார்த்தேன். முதல் வரி: இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன். அந்த ஊர் வழக்கறிஞர்கள் எல்லா உயிலிலும் போடும் வழக்கமான வரி. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. என் பீரோவில் இருந்தது அன்றோடு வெறும் காகிதம்.

அண்ணி தங்கமானவர். தங்கைக்கே விட்டுக்கொடுத்தார். அதற்கும் தூதரகம், பவர், முத்திரை, வாரிசுச் சான்று என்று மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் கூரைத் தகரம் மாற்றக்கூடத் தங்கை தயங்கினாள். நம் வீடுதானா என்று தெரியவில்லையே அக்கா என்பாள். உயில் எழுதத் தெரிந்த எனக்கு, இரண்டாவது உயிலின் நகலைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே, இரண்டு எழுதுங்கள். இந்திய உயில் இந்தியாவில் உள்ள சொத்துக்கு மட்டும், அமெரிக்க உயில் அங்குள்ளதற்கு மட்டும் என்று ஒவ்வொன்றிலும் வெளிப்படையாக எழுதுங்கள். "மற்ற நாட்டு உயிலை இது பாதிக்காது" என்ற வாக்கியம் இரண்டிலும் இருக்க வேண்டும். அங்குள்ள வழக்கறிஞர் மேசையில் இந்திய உயிலின் நகலை வைத்த பிறகே அவர் பேனாவை எடுக்கட்டும். இங்கே உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. நான் பதியச் சொல்வேன். சாட்சி இருவர் வேண்டும். உங்களைவிட இளையவர்களாக, ஊரில் இருப்பவர்களாக, உயிலில் பங்கு இல்லாதவர்களாக இருக்கட்டும்.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டுக்கு மாற்றிவைக்கும் லிவிங் டிரஸ்ட் என்று ஒன்றை அங்கே எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள். அங்குள்ள வீட்டுக்கு நல்லதுதான். அரவேணு நிலத்தை அதில் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு டிரஸ்ட் இங்கே நிலம் வைத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறீர்களா, குடிமகனா என்று எழுதவில்லை. குடிமகனுக்கும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கியவருக்கும் 2026இல் 1.5 கோடி டாலர் வரை எஸ்டேட் வரி (இறந்தவர் சொத்துக்கான வரி) கிடையாது, நம் போன்றவர்களுக்கு அது தொடாத உயரம். ஆனால் குடிமகன் ஆகாமல் நாளைக்கு நீங்கள் ஊர் திரும்பி, அமெரிக்கப் பங்குகளையும் 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கையும் அங்கேயே விட்டுவைத்திருந்து காலமானால், விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்குமேல் வரி. இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் இல்லை. திரும்பி வருகிறவர்கள் சாமான் கட்டும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

*

துபாயில் வேலை. கூடலூரில் இரண்டு ஏக்கர் தேயிலை மலிவாக வருகிறது. என் பெயரில் வாங்கலாமா, ஊரில் இருக்கும் மனைவி பெயரில் வாங்கலாமா?
— துபாய் வாசகர்

உங்கள் பெயரில் முடியாது. காரணம் முதல் பதிலில் இருக்கிறது. மனைவி இங்கே வசிப்பதால் வாங்கலாம். உங்கள் சம்பளப் பணம் வங்கி வழியாக அவருக்கு வந்தது என்ற தடயம் இருந்தால் பினாமி என்ற பேச்சு வராது.

எனக்குக் கவலை "மலிவாக" என்ற சொல்லில்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் வழக்குகள் இன்னும் தீராமல் கிடக்கின்றன. அனுபவத்தில் இருக்கும், பட்டா இருக்காது. சில சர்வே எண்கள் 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும்; அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்த வழக்கறிஞர் எழுத்தில் "சரி" என்று சொல்லும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாய்மொழியாக எல்லோரும் சரி என்பார்கள்.

துபாயில் உள்ள சேமிப்புக்கு உயில் இருக்கிறதா? முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் பாதி வாழ்க்கைத்துணைக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக என்று 2023 பிப்ரவரி முதல் அங்கே சட்டம். உங்கள் அம்மாவை நீங்கள்தான் காப்பாற்றுகிறீர்கள் என்றால், அந்தக் கணக்கில் அம்மா இல்லை என்பதைக் கவனியுங்கள்.

*

பிரிட்டனில் பன்னிரண்டு வருடமாகச் செவிலியர். அருவங்காட்டில் உள்ள அம்மா வீடு எனக்கு வந்தால் 40 சதவீதம் வாரிசு வரி கட்ட வேண்டுமாமே?
— ஒரு மகள்

அம்மா பிரிட்டனில் வசித்ததே இல்லை என்றால், அவர் வீடு உங்களுக்கு வருவதற்கு அங்கே வரி இல்லை. இங்கேயும் இல்லை. நம் நாட்டில் 1953இல் கொண்டுவந்த எஸ்டேட் வரியை 1985இல் வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்ட 40 சதவீதம் அம்மாவின் சொத்துக்கு அல்ல, உங்கள் சொத்துக்கு. 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வருடத்தில் 10 வருடம் அங்கே வசித்தவரின் உலகச் சொத்து முழுவதும் கணக்கில் வருகிறது. 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம். அருவங்காடு வீடு உங்கள் பெயருக்கு வந்த பிறகு அதுவும் அந்தக் கூடையில். 1956இல் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தியாவை நிரந்தர ஊராகக் கொண்டவர்களுக்கு அது கைகொடுக்கும். அதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அங்கே ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் வாடகையை இரண்டு நாட்டிலும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரி அங்கே கழியும்.

*

எங்கள் படுகர்களின் ஹெத்தை பண்டிகைக்கு வந்தால் நான்கைந்து மாதம் தங்க ஆசை. எத்தனை நாள் தங்கினால் இந்திய வரிக்காரன் ஆகிவிடுவேன்?
— கலிபோர்னியா வாசகர்

ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு வருடத்தில் 182 நாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை, வட்டி போன்ற இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அந்த எல்லை 120 நாளாகச் சுருங்கும். பச்சைத் தேயிலைப் பணம் அந்த 15 லட்சத்தில் சேராது. டிசம்பர் கடைசியில் வந்து ஏப்ரல் கடைசியில் திரும்பினால், மார்ச் 31உடன் ஒரு கணக்கு முடிந்து ஏப்ரல் நாட்கள் அடுத்த வருடத்தில் விழும். சில விமான நிலையங்களில் இப்போது இயந்திரக் கதவு வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதில்லை. அதனால் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். வரும்போது உங்கள் அமெரிக்க உயிலின் நகல் ஒன்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். முதல் வரியை நான் பார்க்க வேண்டும்.